கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் வந்த கதை

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் அம்மிச்சி வீட்டு நடைச் சுவரில் இரண்டு ஒளிப்படங்கள் மாட்டப்பட்டுள்ளன. ஒன்று அம்மிச்சியின் தகப்பனார் படம், 1930-களில் எடுத்தது. மற்றது அம்மிச்சியும் அப்புச்சியும் மாலையுடன் நிற்கும் திருமணப் படம், 1957-இல் எடுத்தது. இரண்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சுவரில், ஒரே அடுப்புப் புகையையும் ஒரே ஐப்பசி ஈரத்தையும் தாங்கியவை. மூத்த படத்தில் பெரியவரின் மீசை மயிரை இன்றும் எண்ணிவிடலாம். இளைய படமோ ஓரங்களில் மஞ்சள் பூத்து, கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் ஈயம் பூசியதுபோல் மினுங்கி, முகங்கள் வெளிறிப்போய்க் காணப்படுகிறது. மூத்தது பழுப்பு நிறப் படம். இளையது கறுப்பு வெள்ளை.

சென்ற ஆண்டு என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் அந்தத் திருமணப் படத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, படத்திருத்த மென்பொருளின் உதவியால் கறைகளை நீக்கி, வண்ணமும் ஊட்டிக் கொடுத்தார். "பத்து நிமிஷ வேலை சார்" என்றார். மிக அழகாகவே இருந்தது. அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய் அம்மிச்சியிடம் நீட்டினேன். கண்ணருகே வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு, "இதென்ன கண்ணு பச்சைச் சீலை? என்ற கூறைச் சீலை அரக்குச் செவப்பல்லோ!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூத்த படம் கெடாமல் இருக்க, இளைய படம் ஏன் கெட்டது? சிவப்புச் சேலை எப்படிப் பச்சையாயிற்று? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடப் புகுந்தால், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்ற மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு முழுவதும் நம் முன் வந்து நிற்கிறது. அதைத்தான் இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

படத்திலுள்ள கறுப்பு எது?

கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தில் கறுப்பாகத் தெரியும் பொருள் வெள்ளி. கொலுசு செய்கிறோமே, அதே உலோகம்தான். ஒளிப்படத் தாளின்மேல் ஜெலட்டின் என்னும் பசையில் வெள்ளி புரோமைடுத் துகள்கள் விரவியிருக்கும். ஒளிபட்ட துகள்களை உருத்துலக்கிக் கரைசல் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளிபடாத துகள்களை 'ஹைப்போ' என்று ஸ்டூடியோக்காரர்கள் அழைக்கும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல் கரைத்து நீக்கிவிடுகிறது. எஞ்சி நிற்கும் வெள்ளியே படம்.

பளபளப்பான வெள்ளி படத்தில் மட்டும் ஏன் கறுப்பாகிறது என்று நீங்கள் கேட்கலாம். உருத்துலக்கியில் உருவாகும் வெள்ளி, தகடாகப் படிவதில்லை. பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருளைப்போல, ஆனால் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய இழைச் சிக்கலாகப் படிகிறது. உள்ளே புகுந்த ஒளி இழைகளுக்கிடையே மோதி மோதி அங்கேயே உட்கவரப்பட்டு விடுகிறது. வெளியே வர ஒளி இல்லையென்றால் கண்ணுக்குக் கறுப்புத்தானே?

ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் படங்கள் பெரும்பாலும் கறுப்பாக இருந்ததில்லை. வயதானதால் அவை பழுப்பேறின என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மைதான். பிரான்சு நாட்டின் பிளாங்கார்-எவ்ரார் 1850-இல் அறிமுகப்படுத்திய முட்டை வெண்கருத் தாள்தான் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எங்கும் வழங்கியது. அதில் உருத்துலக்கி இல்லை. நெகடிவுக்கு அடியில் தாளை வைத்து வெயிலில் காட்டினால், வெயிலே வெள்ளியைப் பிரித்துவிடும். அவ்வாறு பிரியும் வெள்ளி இழையாக வளர்வதில்லை. சில பத்து நானோமீட்டர் குறுக்களவே உள்ள உருண்டைகளாக நின்றுவிடுகிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அலையைவிடப் பன்மடங்கு சிறிய இத்துகள்கள் நீல ஒளியை மிகுதியாக உட்கவர்ந்து, மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிடுகின்றன. ஆகவே அந்தப் படங்கள் பிறக்கும்போதே செம்பழுப்பு.

பொருள் ஒன்றாகவே இருக்க, துகளின் அளவு மாறினால் நிறம் மாறும் என்பதைத் தங்கக் கூழ்மத்தில் ஆராய்ந்து காட்டியவர் மைக்கேல் பாரடே; ஆண்டு 1857. அதற்குரிய கணக்கை 1908-இல் குஸ்தாவ் மீ முழுமையாக்கினார். மாணவர்கள் இன்று நானோ அறிவியல் என்று புதிதுபோல் படிப்பதை, அக்காலத்து ஒளிப்படக்காரர் தாம் அறியாமலே தினமும் வெயிலில் காயவைத்து எடுத்தார்!

சேலத்தில் ஒரு கேமரா

பாரடே லண்டனில் தங்கத்தைக் கரைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் நம் நாட்டில் மாட்டு வண்டிகளில் கேமராவை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியது. மதுரை, திருச்சி, திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் படத் தொகுதிகளுடன், இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் ஒரு தொகுதியும் 1858-இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டை நேரில் காண இயலாத அறிஞருக்கும் அது சான்றாக வேண்டும் என்பதே நோக்கம்.

அப்படிச் சான்றுக்காகப் படமெடுத்தவரும் ஓரிடத்தில் தூரிகையைக் கையில் எடுத்தார். அக்கால நெகடிவுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. எனவே நீல வானம் வெள்ளைக் காகிதம்போல் வெறுமையாக விழும். டிரைப் தம் காகித நெகடிவுகளில் வண்ணப் பொருள் பூசி, வானத்தில் மேகங்களையும், மரங்களில் இலைச் செறிவையும் உண்டாக்கினார். அந்த மேகங்கள் அன்று அங்கே இருந்தவை அல்ல. படத்தைத் 'திருத்தும்' வேலை கணிப்பொறியோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். திருத்தியது எது, கேமரா கண்டது எது என்று தெரிந்தவரை அதில் பெரிய கேடில்லை. தெரியாமற் போகும்போதுதான் சிக்கல். இதற்குப் பிறகு வருவோம்.

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரின் முயற்சியால் 1857-இல் ஒளிப்படக் கழகம் தோன்றியதும், 1870-களிலிருந்து உதகையில் ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் ஸ்டூடியோ நடத்தி நீலகிரியையும் அதன் மக்களையும் படமெடுத்ததும் இவ்வரலாற்றின் அடுத்த படிகள்.

மங்கிய படங்களும் ஒரு குழுவும்

ஒளிப்படம் பிறந்த 1839-இலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு பேரிடி. தாளில் எடுத்த படங்கள் மங்கத் தொடங்கின! காசு கொடுத்து எடுத்த முகம் கண்ணெதிரே மறைந்தால் யார்தான் பொறுப்பார்கள்? லண்டன் ஒளிப்படக் கழகம் 1855-இல் இதை ஆராயவென்றே ஒரு குழுவை அமைத்தது. குழு கண்ட முதற் குற்றவாளி ஹைப்போ. சரிவரக் கழுவாத தாளில் தங்கிவிடும் ஹைப்போ மெல்லச் சிதைந்து கந்தகத்தை வெளிவிடுகிறது. நகரக் காற்றின் கந்தக வாயுக்களும் ஈரமும் அதனுடன் கூட்டுச் சேருகின்றன.

கந்தகம் வெள்ளியை என்ன செய்யும் என்பது உங்கள் வீட்டிலேயே தெரியும். கொலுசு கறுக்கிறதல்லவா? அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. படத்திலும் அதே வேதிவினைதான். ஆனால் அங்குமிங்குமாக, அரைகுறையாக நடப்பதால் படம் திட்டுத்திட்டாக மஞ்சளிக்கிறது.

பிற்காலத்து ஜெலட்டின் தாள்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. புதுச் சுண்ணம், வண்ணப்பூச்சு, மரப்பெட்டி முதலியவற்றிலிருந்து வரும் ஆக்சிஜனேற்றும் வாயுக்கள் வெள்ளியை அயனிகளாக்குகின்றன. அயனிகள் ஈரத்தில் நகர்ந்து மேற்பரப்பை அடைந்து மீண்டும் வெள்ளியாகப் படிகின்றன. எங்கள் திருமணப் படத்தில் ஈயம் பூசியதுபோல் மினுங்குகிறதே, அது வேறொன்றுமில்லை. அப்புச்சியின் கறுத்த தலைமுடியிலிருந்து கிளம்பி மேலே வந்து படிந்துவிட்ட வெள்ளிதான்.

குழு பரிந்துரைத்த மருந்துகள் இரண்டு: நன்றாகக் கழுவுக, தங்கம் ஏற்றுக. தங்க முறை முன்பே தெரிந்ததுதான். ஒளியின் வேகத்தை அளந்ததற்காக நீங்கள் பாடநூலில் படித்திருக்கும் இப்போலைட் பீசோ, 1840-இலேயே தகட்டுப் படங்களுக்குத் தங்கக் கரைசல் ஊற்றிக் காட்டியிருந்தார். தங்க குளோரைடுக் கரைசலில் படத்தை இட்டால், வெள்ளி கரைசலுக்குள் இறங்க, தங்கம் அதன் இடத்தில் அமர்கிறது. மின்வேதி வரிசையைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. செங்கல் நிறமாக இருந்த படம் ஊதா கலந்த ஆழ்ந்த பழுப்பாகிவிடும். தங்கம் எளிதில் எதனோடும் சேராத உலோகம் என்பதால் படம் நிலைத்தது. நிறத்துக்காக வந்தவர்களுக்கு ஆயுளும், ஆயுளுக்காக வந்தவர்களுக்கு நிறமும் சேர்ந்தே கிடைத்தன. இந்த இரட்டைப் பயன்தான் நிறமேற்றல் என்னும் கலையின் உயிர்.

பகையே மருந்தாகிறது

தங்கம் எல்லாருக்கும் கட்டுமா? கட்டாது. மலிவான வழி ஒன்று வேண்டியிருந்தது. கொஞ்சங் கொஞ்சமாகப் படத்தைத் தின்ற கந்தகத்தையே வரவழைத்து, வெள்ளி முழுவதையும் ஒரேயடியாக வெள்ளி சல்பைடாக்கிவிட்டால் என்ன? வெள்ளி சல்பைடு நீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. ஆக்சிஜனேற்றும் வாயுக்களுக்கும் அவ்வளவு எளிதில் மசியாது. ஏற்கனவே முழுதும் சல்பைடாகிவிட்ட படத்தைக் கந்தகம் மேற்கொண்டு என்ன செய்துவிட முடியும்? இதுவே நாம் 'செப்பியா' என்று சொல்லும் முறை. அம்மிச்சியின் தகப்பனார் படத்தைக் காத்ததும் இதுவே.

செப்பியா என்பது கணவாய் மீனின் கிரேக்கப் பெயர். அம்மீன் அச்சமுற்றால் பீய்ச்சும் மையிலிருந்து ஓவியர்கள் ஒரு பழுப்பு வண்ணம் செய்தார்கள். ஒளிப்படத்துக்கும் கணவாய்க்கும் வேறு உறவில்லை. நிற ஒற்றுமையால் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பர் ஒருவருடன் சேர்ந்து இம்முறையை ஒருநாள் செய்து பார்த்தேன். தாள், உதகையில் தயாரான பழைய 'இந்து' புரோமைடு தாள். இளைய வாசகர்கள் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960-இல் பதிவாகி, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிலிமும் தாளும் எக்ஸ்-கதிர்ப் படச்சுருளும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து வந்தன. தூசியற்ற குளிர்ந்த காற்று இத்தொழிலுக்கு இன்றியமையாதது. அது மலையில் இயற்கையாகவே கிடைத்தது. 1990-களில் நலிவுற்ற அந்நிறுவனம் பின்னர் மூடப்பட்டுவிட்டது.

முதலில் படத்தைப் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த மஞ்சள் கரைசலில் இட்டோம். கறுப்பு வெள்ளி மீண்டும் வெள்ளி புரோமைடாகிறது. கண்ணெதிரே படம் கரைந்து, வைக்கோல் நிறத்தில் ஒரு சுவடு மட்டும் மிஞ்சியது. முதன்முறை பார்ப்பவர் பதறித்தான் போவார். தண்ணீரில் கழுவி, சோடியம் சல்பைடுக் கரைசலுக்கு மாற்றினோம். ஒரு நிமிடத்துக்குள் கண்ணும் மூக்கும் உதடும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, இம்முறை பழுப்பாக. கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வந்தது. ஹைடிரஜன் சல்பைடு! அந்த வாயு வேறு தாள்களையும் பிலிமையும் கெடுக்கும் என்பதால், இதை இருட்டறைக்கு வெளியே தனியாகச் செய்வதே முறை. (மாணவர்களே, ஆசிரியர் துணையும் காற்றோட்டமும் இன்றி இதில் இறங்கவேண்டாம். பெர்ரிசயனைடுடன் அமிலத்தை எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்கக்கூடாது.)

நாற்றம், கூடுதல் நேரம், கூடுதல் கட்டணம். திருமணப் பருவத்தில் ஒரே நாளில் பத்துப் பேருக்குப் படம் கொடுக்கவேண்டிய சிற்றூர் ஸ்டூடியோவுக்கு இதெல்லாம் கட்டுமா? தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள கோடையில் கழுவும் நேரமும் குறையும். 1957-இன் படம் செப்பியா ஆகாததற்கும், கழுவல் போதாமல் ஓரம் மஞ்சளித்ததற்கும் காரணம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

செலினியம் ஏற்றினால் வெள்ளி செலினைடாகி ஊதாப் பழுப்பும், இரும்பு உப்பு ஏற்றினால் பிரஷ்ய நீலமும் வரும். இவற்றை நம் ஊர் ஸ்டூடியோக்கள் அதிகம் நாடவில்லை.

தூரிகையும் திரையும்

இதற்கு இணையாக இன்னொரு மரபும் வளர்ந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் குச்சியில் சுற்றிய பஞ்சாலும் மெல்லிய தூரிகையாலும் வண்ணம் தீட்டுவது. இதற்கு ஒளி ஊடுருவும் சாயமே வேண்டும். சாயத்தின் வழியே அடியிலுள்ள வெள்ளியின் நிழல் தெரியவேண்டும். கன்னத்தின் வளைவையும் சேலை மடிப்பையும் வெள்ளி காட்ட, நிறத்தை மட்டும் சாயம் தரும். ஒளிர்வு வேறு, நிறம் வேறு என்று பிரித்துப் பார்த்த அந்தக் கைத்திறனை நினைவில் வையுங்கள். பிற்காலத்துக் கணிப்பொறி முறைகள் அனைத்தும் அதன்மேல் எழுந்தவைதான். ஒரே ஒரு வேறுபாடு: தீட்டுகிறவர் சேலை என்ன நிறம், கரை என்ன நிறம் என்று ஆளைக் கேட்டுக்கொள்வார்.

திரைப்படமும் இவ்வழியே வந்தது. திருச்சியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். அந்த ஊமைப்பட நாட்களில் உலகெங்கும் படச்சுருளுக்கு இரு வகையாக நிறம் கொடுத்தார்கள். சுருளைச் சாயத்தில் தோய்த்தால் வெளிச்சமான பகுதிகள் நிறம் பெறும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும், இது சாயமூட்டல். வெள்ளியையே வேறு பொருளாக மாற்றினால் கறுப்புப் பகுதிகள் நிறம் பெறும், வெளிச்சம் வெள்ளையாகவே நிற்கும், இது நிறமேற்றல். இரவுக் காட்சிக்கு நீலம், தீக்குச் சிவப்பு என்று பார்வையாளரும் பழகிப்போயினர். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் கொங்கு மண்ணிலேயே உருவானது என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலரில் வந்தது. அதன் வண்ணம் ஏற்றிய வண்ணமன்று. கேமரா கண்ட வண்ணம்.

எண்ணாகிவிட்ட படம்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறிக்குள் ஒளிப்படம் என்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சாம்பல் நிறத்தில் மூன்றும் சமம். 1990-இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தபின் இந்த எண்களை மாற்றும் வேலை வீடுவரை வந்துவிட்டது. செப்பியா வேண்டுமா? வழக்கமான ஒரு சூத்திரப்படி, சாம்பல் 76 உள்ள புள்ளியின் எண்கள் 103, 91, 71 ஆகும். சிவப்பு கூடி நீலம் குறைந்ததால் பழுப்பு. நாற்றமில்லை, விரும்பாவிட்டால் ஒரு சொடுக்கில் பழையபடி ஆக்கலாம்.

நல்ல வசதிதான். ஆனால் கந்தகம் கொடுத்த ஆயுளை இது கொடுக்காது. மென்பொருள் செப்பியாவை அச்சிட்டால் அதன் வாழ்நாள் அச்சு மையின் வாழ்நாளே. "பழைய படம்போல் ஆக்கிவிட்டேன்" என்று மாணவர்கள் சொல்லும்போது, பழைய படத்தின் தோற்றத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு, அத்தோற்றம் எதற்காக ஏற்பட்டதோ அதை விட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

பலவண்ணம் ஊட்டுவது இதைவிடக் கடினம். ஏனென்று ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்ணத்தின் ஒளிர்வைக் காண, சிவப்பை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள். நம் கண் பச்சையை மிகுதியாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதால் இந்த எண்கள். முழுச் சிவப்பு 255-ஐ 0.299-ஆல் பெருக்கினால் 76. பச்சை 130-ஐ 0.587-ஆல் பெருக்கினாலும் 76! பளீரென்ற சிவப்புச் சேலையும் இலைப்பச்சைச் சேலையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல். இவை இரண்டு மட்டுமல்ல. மூன்று எண்களால் ஆகும் வண்ணங்கள் 1,67,77,216. சாம்பல் படிகளோ 256. சராசரியாக ஒரு சாம்பலுக்குள் 65,536 வண்ணங்கள் அடங்கியுள்ளன. எது உண்மை என்பதைச் சாம்பலிலிருந்து மீட்க எந்தச் சூத்திரமும் இல்லை. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை பத்து என்று மட்டும் சொல்லி, எண்களைக் கேட்பது போன்றது இது.

எங்கள் படத்தில் நிலைமை இன்னும் மோசம். அம்மிச்சியின் குங்குமப் பொட்டு அதில் மைப்பொட்டாகத் தெரிகிறது, உதடும் கறுப்பு. தொடக்ககாலத் தகடுகள் நீலத்தை மட்டுமே உணர்ந்தன என்று சொன்னேன். 1873-இல் பெர்லினில் ஹெர்மன் வோகல், சாயம் கலந்தால் பச்சையையும் உணரவைக்கலாம் என்று கண்டார். 1906-க்குப் பிறகு எல்லா வண்ணங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தன. ஆயினும் சிவப்பை உணராத பிலிமை ஸ்டூடியோக்காரர்கள் நெடுங்காலம் கைவிடவில்லை. சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம் என்பது அதன் வசதி. பொட்டைப் பார்த்தால் எங்கள் படமும் அவ்வகைப் பிலிமில் எடுத்ததாகவே தெரிகிறது. அப்படியானால் சேலையின் சிவப்பு அந்தப் பிலிமைத் தொடவே இல்லை. தொடாததை எந்த மென்பொருள் மீட்கும்?

பின் மென்பொருள் எப்படித்தான் வண்ணம் தருகிறது? 2016-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையை எடுத்துக்கொள்வோம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களின் நிறத்தை நீக்கிக் கணிப்பொறிக்குக் காட்டி, மூல வண்ணத்தை ஊகிக்கப் பழக்கினார்கள். புல் பச்சை, வானம் நீலம் என்று அது கற்றுக்கொள்கிறது. ஒளிர்வைப் பழைய படத்திலிருந்தே எடுத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மேலே போடுகிறது. பஞ்சுக்குச்சிக்காரர் செய்ததும் இதுவே. ஆனால் இது ஆளைக் கேட்பதில்லை. தான் பார்த்த படங்களில் எது மிகுதியோ அதைப் போடுகிறது. கொங்கு நாட்டு மணப்பெண்கள் அப்பட்டியலில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மனிதர் அமர்ந்து வண்ணம் தீர்மானித்த முயற்சிகளும் உண்டு. 1960-இன் 'முகல்-ஏ-ஆஜம்' 2004-இலும், மார்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்த 1957-இன் தெலுங்கு 'மாயாபஜார்' 2010-இலும் கணிப்பொறியால் வண்ணம் பெற்று மறுபடி வெளியாயின. கதைப்படத்துக்கு அது தகும். கடோத்கசன் உடையின் உண்மை நிறம் என்ன என்று யாரும் வழக்காடப் போவதில்லை. (பார்ட்லியின் நிலவொளிக்கு வண்ணம் தேவையா என்பது வேறு கேள்வி. எனக்குக் கறுப்பு வெள்ளையே போதும்.)

உண்மை மனிதர் படமென்றால் கதை வேறு. 2021-இல் கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்கள் வண்ணமூட்டப்பட்டு ஒரு மேனாட்டு இணைய இதழில் வந்தன. மூலப்படத்தோடு ஒப்பிட்டவர்கள் திடுக்கிட்டனர்: சில முகங்களில் இல்லாத புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது; இதழ் அவற்றை நீக்கியது. மூலப்படம் இருந்ததால்தான் பொய் வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. கணிப்பொறியில் ஏற்றியவுடன், பழைய படம் குப்பைக்குப் போகிறது. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது நெகடிவுகள் வெள்ளிக்காக எடைக்குப் போனதைக் கேட்டிருக்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்ட உதவியுடன், 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்முறையில் பதிந்து வைத்துள்ளது. அவர்கள் கைக்கு எட்டாதவை நம் நடைச் சுவர்களில்தான் உள்ளன.

உங்கள் வீட்டிலும் ஒரு படம் இருக்குமானால் செய்யவேண்டியது சிறிதே. சட்டத்திலிருந்து எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் உயர்ந்த நுணுக்கத்தில், வண்ண முறையிலேயே பதியுங்கள். பழுப்பும் மினுக்கமும்கூடச் செய்திதான். அந்தக் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். வண்ணம் ஊட்டினால் ஊட்டியது என்று எழுதிவையுங்கள். படத்தை ஈரச் சுவரிலிருந்து விலக்கி, அமிலமற்ற தாளுறையில் இடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், படத்திலுள்ள நிறங்களை அறிந்த பெரியவர் யாராவது இருந்தால் இன்றே கேட்டுவிடுங்கள்.

நானும் மாணவரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மிச்சி வீட்டுக்குப் போனோம். அவர் சொல்லச் சொல்ல, மாணவர் மடிக்கணிப்பொறியில் நிறத்தை மாற்றிக் காட்டினார். "இன்னுங் கொஞ்சம் கருக்கலா... ஆங், இதுதான்" என்று அரக்குச் சிவப்பில் நிறுத்தினார். அப்புச்சியின் தலைப்பாகை வெள்ளை. மாலையில் இடையிடையே அரளி. கரை என்ன நிறம் என்று கேட்டபோது மட்டும் தயங்கினார். மாம்பழ நிறமோ, பச்சையோ, நினைவில்லை என்றார். கரையை நாங்கள் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டோம்.